மேற்கு கான்சாஸ்ல நாலு நாள், எல்லாரும் என்கிட்ட ஸ்பானிஷ்லயே பேசினாங்க

நாள் 1, சனிக்கிழமை. விச்சிட்டா டூ டாட்ஜ் சிட்டி

ஸ்பிரிங் பிரேக்குக்கு எல்லாரும் கொலராடோ மலைக்கும் ஃப்ளோரிடா பீச்சுக்கும் கிளம்பிட்டாங்க, நாங்க கான்சாஸ்லயே இன்னும் உள்ளாற போறோம்னு சொன்னதும் இங்க தமிழ் வாட்சப் குரூப்புல ஒருத்தர் "அங்க என்னங்க இருக்கு, மாடுதானே"ன்னு கேட்டார். ஆமாங்க மாடுதான். இந்த மாநிலத்துல மனுஷங்களை விட மாடு ரெண்டு மடங்கு. ஆனா நாங்க போனது அதுக்கில்ல, என் பொண்ணு பத்தாவது படிக்கறா, ஸ்கூல்ல "என் மாநிலம் எப்படி மாறுது"ன்னு ஒரு ப்ராஜெக்ட், சென்சஸ் எண்ணை வெச்சு பண்ணணும். எனக்கு வேலையே எண்ணோட மல்லுக்கட்டறதுதான், அதனால அவளை விட நாந்தான் அதிகமா உள்ள இறங்கிட்டேன்னு வீட்டுக்காரர் கிண்டல் பண்றார். அவருக்கு லீவு கிடைக்கல, நாங்க ரெண்டு பேரு மட்டும்.

சென்சஸ் மேப்பை பார்த்தா ஒண்ணு உடனே கண்ணுல படும். கான்சாஸ்ல 105 கவுண்டி இருக்கு, 2010-க்கும் 2020-க்கும் நடுவுல அதுல பெரும்பாலானது ஆள் குறைஞ்சு போச்சு. அப்புறம் மாநிலம் மொத்தமா எப்படி கூடுச்சுன்னு பாத்தா, கூடுனது சுமார் 85 ஆயிரம் பேரு, அதே பத்து வருஷத்துல ஹிஸ்பானிக் மக்கள் (ஸ்பானிஷ் வம்சாவளிக்காரங்க) மட்டும் கூடுனது 82 ஆயிரத்துக்கு மேல. அதாவது மத்தவங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் கழிஞ்சு போய் கிட்டத்தட்ட அப்படியே நிக்கறாங்க. தென்மேற்கு மூலைல ஃபோர்ட், ஃபின்னி, ஸீவர்ட்னு மூணு கவுண்டி, மூணுலயும் இப்ப பாதிக்கு மேல ஹிஸ்பானிக். டாட்ஜ் சிட்டி, கார்டன் சிட்டி, லிபரல்னு அந்த மூணு கவுண்டிக்கும் ஆளுக்கொரு ஊரு. அதைத்தான் பாக்க போறோம்.

காலைல ஒன்பது மணிக்கு கிளம்பி மேற்கால ஒரே நேர் ரோடு. கிங்மன், ப்ராட் எல்லாம் தாண்டி கிரீன்ஸ்பர்க்ல நிறுத்தினோம். 2007 மே மாசம் ஒரு பெரிய டொர்னாடோ வந்து அந்த ஊரையே வழிச்சு எடுத்துட்டு போயிருச்சே, ஞாபகம் இருக்கறவங்களுக்கு இருக்கும். திரும்ப கட்டுனப்ப காத்தாடி கரண்ட், சோலார்னு அம்சமா கட்டிட்டாங்க, நிஜமாவே அழகா இருக்கு. ஆனா ரோட்டுல ஆளே இல்ல. 2000-ல ஆயிரத்தி ஐநூத்தி சொச்சம் பேர் இருந்த ஊர்ல இப்ப அதுல பாதிதான். ரொம்ப நேரம் நிக்கல, பாத்ரூம் போயிட்டு கிளம்பிட்டோம், ஆனா அந்த புது பில்டிங்கும் காலி பார்க்கிங்கும் மனசுல உக்காந்துக்கிச்சு.

டாட்ஜ் சிட்டி வர்றதுக்கு முன்னாடியே வாசனை வந்துருச்சு. கார் கண்ணாடி ஏத்தி ஏசி போட்டும் உள்ள வருது. ஃபீட்லாட்டுங்க, ஆயிரக்கணக்குல மாட்டை அடைச்சு தீனி போட்டு கொழுக்க வைக்கற இடம். இந்த ஊர்க்காரங்க அதுக்கு சொல்ற பதில் "அது பணத்தோட வாசனை". மூக்கை பொத்திக்கிட்டு சிரிச்சோம்.

மோட்டல்ல ஒரு கூத்து. ஓனரம்மா குஜராத்தி, அமெரிக்கால சின்ன ஊர் மோட்டல்னா பட்டேல்காரங்கதானே. எங்க மூஞ்சிய பாத்ததும் ஹிந்தில ஆரம்பிச்சாங்க, எனக்கு ஹிந்தி வராது, நான் முழிக்கறேன். அதுக்குள்ள ஃபோன் அடிக்க, எடுத்து சரளமா ஸ்பானிஷ்ல ரூம் ரேட் சொல்றாங்க! என் பொண்ணு மூணு வருஷமா ஸ்பானிஷ் படிக்கறாளா, அதைக் கேட்டு ஆர்வம் தாங்கல, உடனே ஸ்பானிஷ்ல ஏதோ கேட்டா, அவங்களும் ஸ்பானிஷ்லயே பதில் சொன்னாங்க. ஒரு குஜராத்தியும் ஒரு கொங்கு பொண்ணும் கான்சாஸ்ல நின்னு ஸ்பானிஷ்ல பேசிக்கறாங்க, நான் சாவிய வாங்கிட்டு பெட்டிய தூக்கிட்டு போயிட்டேன். இங்கிலீஷ் ரெண்டு பேருக்கும் தெரியும்ங்கறது வேற விஷயம். மாடு அறுக்கற பிளான்ட்டுக்கு புதுசா வேலைக்கு வர்றவங்க வீடு கிடைக்கற வரைக்கும் வாரக்கணக்குல இங்கதான் தங்குவாங்களாம், பதினஞ்சு வருஷத்துல கல்லாவுல நின்னே கத்துக்கிட்டேன்னாங்க.

நாள் 2, ஞாயித்துக்கிழமை. டாட்ஜ் சிட்டி

டாட்ஜ் சிட்டின்னா அமெரிக்காகாரங்களுக்கு துப்பாக்கி, கௌபாய், அந்தக் காலத்து போலீஸ்காரர் வயட் ஏர்ப். மெயின் ரோட்டுக்கே வயட் ஏர்ப் பேருதான், பூட் ஹில் மியூசியம்னு பழைய சலூன் மாதிரி செட்டு போட்டு வெச்சிருக்காங்க. அது ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது, பரவால்ல ரகம். ஆனா அதே ரோட்டுல அப்படியே நடந்தா பானதெரியா (பேக்கரி), கார்னிசெரியா (கறிக்கடை), கின்ஸன்யேராவுக்கு கவுன் தைக்கற கடை (பொண்ணுங்களுக்கு பதினஞ்சு வயசுல பண்ற விழா, நம்ம மஞ்சள் நீராட்டு விழா அளவுக்கு செலவு ஆகும் போல), ஊருக்கு பணம் அனுப்பற கவுண்டர்னு வரிசையா. கௌபாய் ஊர்னு போர்டுல இருக்கு, ஆனா வாழற ஊரு வேற.

காலைல சர்ச்சுக்கு போனோம். நாங்க கிறிஸ்டியன் இல்ல, ஆனா ஒரு ஊரு எப்படி மாறிச்சுன்னு பாக்க ஞாயித்துக்கிழமை சர்ச்சை விட நல்ல இடம் கிடையாது. இந்த ஊர்ல பழைய கதீட்ரல் ஒண்ணு, மெக்சிகோ மக்களோட குவாதலூப்பே மாதா சர்ச் ஒண்ணுன்னு தனித்தனியா இருந்துச்சாம், ரெண்டு சர்ச் மக்களையும் ஒண்ணாக்கி 2001-ல புதுசா பெருசா கதீட்ரல் கட்டினாங்க, பேரு என்ன வெச்சாங்கன்னா குவாதலூப்பே மாதா. மறைமாவட்டத்தோட தலைமை கோயிலுக்கே மெக்சிகோ மாதா பேரு, இதுக்கு மேல ஒரு சென்சஸ் ரிப்போர்ட் வேணுமா! ஸ்பானிஷ் பூசைக்கு உள்ள நிக்க இடம் இல்ல, பாதி பேர் கைக்குழந்தையோட. எனக்கு இந்த விஷயத்துல முக்கியமா பட்டது அதுதான். ஹிஸ்பானிக் மக்கள் கூடுறாங்கன்னா எல்லாரும் பார்டர் தாண்டி வர்றாங்கன்னு நெனைக்கறோம், நானும் அப்படித்தான் நெனைச்சேன். 2000-த்துக்கு அப்புறம் வந்து சேர்றவங்களை விட இங்கயே பொறக்கற குழந்தைங்கதான் அதிகம். அந்தக் கைக்குழந்தைங்க எல்லாம் கான்சாஸ்காரங்க.

வாசல்ல ஒரு பாட்டி கூலர் பெட்டில தமால் (மக்காச்சோள மாவுல பண்ற கொழுக்கட்டை மாதிரி) வித்துட்டு இருந்தாங்க. எந்த ஊர்னு கேட்டாங்க, நாங்க தமிழ்னு இவ சொல்ல, "தமல்?"னு கையில இருந்ததை தூக்கி காமிச்சு அவங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே. டஜன் வாங்கினோம். நான் மாடும் பன்னியும் சாப்பிட மாட்டேன், சீஸும் பச்சமொளகாயும் வெச்சதுன்னு தனியா எடுத்து குடுத்தாங்க. மாவுல பன்னிக்கொழுப்பு போட்டுத்தான் பிசைவாங்கன்னு நைட்டு இவ படிச்சு சொல்றா. சாப்பிட்டு முடிச்சப்புறம்.

மத்தியானம் ஆத்தங்கரை. ஆர்க்கன்சா ஆறு, ஆறுன்னு பேருதான், மணலும் புதரும், தண்ணி சொட்டு கூட இல்ல, நம்ம நொய்யல் மாதிரி. இங்க ஒரு சமாச்சாரம் எனக்கு தெரியவே தெரியாது. 1819-ல அமெரிக்காவும் ஸ்பெயினும் போட்ட ஒப்பந்தத்துல எல்லைக்கோடு 100-வது தீர்க்கரேகைலயே வடக்க வந்து, இந்த ஆத்தை தொட்டு, அப்படியே ஆத்தோட மேற்கால போகுது. அந்த 100-வது ரேகை போறது டாட்ஜ் சிட்டி வழியா. 1821-ல மெக்சிகோ சுதந்திரம் வாங்கின பிறகு ஆத்துக்கு தெக்க, ரேகைக்கு மேற்க இருக்கறது எல்லாம் பேப்பர்ல மெக்சிகோ. 1836-க்கு மேல டெக்சாஸ்காரங்க எங்களுதுன்னாங்க, 1848-ல மெக்சிகோ போர் முடிஞ்சப்புறம் எல்லாமே அமெரிக்கா. (நெலத்துல நிஜமா வாழ்ந்தது கமாஞ்சி மாதிரி பழங்குடிங்க, அவங்களை யாரும் கேக்கல.) நாங்க நாளன்னிக்கு போகப்போற லிபரல் ஊரு இருக்கற மண்ணு மெக்சிகோ மண்ணா இருந்ததுதான். "அப்போ யாரும்மா பார்டர் தாண்டி வந்தது"ன்னு இவ கேக்கறா. மெக்சிகோ மக்கள் புதுசாவும் வரல, 1900-கள் ஆரம்பத்துலயே சான்டா ஃபே ரயில்வே தண்டவாள வேலைக்கு கூட்டிட்டு வந்து ரயில் யார்டு பக்கத்துல குடியிருப்பு குடுத்திருக்காங்க, மெக்சிகன் வில்லேஜ்னு பேரு. 1950-கள்ல அதை காலி பண்ணிட்டாங்க. பூட் ஹில் செட்டு மாதிரி அதுக்கும் ஒரு செட்டு போட்டா நான் டிக்கெட் வாங்கி பாப்பேன்.

ஓட்டு கதையும் சொல்லணும். 2018 எலெக்ஷன்ல இந்த முழு ஊருக்கும், சுமார் 13 ஆயிரம் வாக்காளருக்கும், ஒரே ஒரு பூத். அதையும் அந்த வருஷம் ஊருக்கு நடுவுல இருந்து தூக்கி ஊர் எல்லைக்கு வெளிய எக்ஸ்போ சென்டருக்கு மாத்திட்டாங்க, பக்கத்து பஸ் ஸ்டாப்புல இருந்து ஒரு மைலுக்கு மேல. பழைய இடத்துல ரோடு வேலை நடக்குதுன்னு காரணம். கேஸ் போட்டாங்க, அமெரிக்கா முழுக்க நியூஸ் ஆச்சு, 2019-ல ரெண்டு பூத் ஆக்கினாங்க. அந்த இடத்தை கார்ல போய் பாத்தோம். கார் இருக்கறவங்களுக்கு அஞ்சு நிமிஷம். பிளான்ட்டுல ஷிப்ட் முடிச்சு கார் இல்லாம போகணும்னா? கோவம் வந்துச்சு, அவ்வளவுதான்.

நாள் 3, திங்கள். கார்டன் சிட்டி, ஹோல்கம்

இன்னிக்கு நெறைய எழுதணும், கை வலிக்குது.

டாட்ஜ்ல இருந்து அம்பது மைல். வழியெல்லாம் வயலு வட்ட வட்டமா இருக்கும், ப்ளேன்ல இருந்து பாத்தா தோசை சுட்டு அடுக்கின மாதிரி தெரியும்ல, அது சென்டர் பிவட்னு நடுவுல போர் போட்டு சுத்தி சுத்தி தண்ணி தெளிக்கற அமைப்பு. இதுல இருந்துதான் மொத்த கதையும் ஆரம்பம்னு எனக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. பூமிக்கடியில ஒகலாலான்னு ஒரு பெரிய நீர்த்தேக்கம், ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் மோட்டார் போட்டு அதை இறைக்க ஆரம்பிச்சாங்க, தண்ணி வந்ததும் சோளம் வந்துச்சு, சோளம் இருக்கற இடத்துக்கு ஃபீட்லாட் வந்துச்சு, மாடு இங்க இருக்கறப்ப எதுக்கு உசுரோட சிகாகோ வரைக்கும் ஏத்திட்டு போகணும்னு அறுக்கற பிளான்ட்டே மாட்டை தேடி வந்துச்சு. ஐபிபின்னு ஒரு கம்பெனி, 1960-ல அயோவால ஆரம்பிச்சது, முழு மாட்டுடலா அனுப்பாம துண்டு போட்டு அட்டைப்பெட்டில அடைச்சு அனுப்பலாம்னு கொண்டாந்தாங்க. பழைய நகரத்து கசாப்பு தொழிலாளிங்களுக்கு யூனியன் இருந்துச்சு, நல்ல கூலி இருந்துச்சு. கிராமத்து பிளான்ட்டுல ஒருத்தர் ஒரே ஒரு வெட்டு, நாள் பூரா அதே வெட்டு, அதுக்கு தொழில் தெரிய வேண்டாம், கூலியும் கம்மி. 1980 கடைசில அவங்க கார்டன் சிட்டி பக்கத்துல ஹோல்கம்ல திறந்தது அப்போதைக்கு உலகத்துலயே பெரிய மாட்டிறைச்சி பிளான்ட். 2001-ல டைசன் வாங்கிட்டாங்க.

இப்ப யோசிங்க, அப்ப பதினெட்டாயிரம் பேர் இருந்த கார்டன் சிட்டில ஆயிரக்கணக்குல ஆளு எங்க கிடைக்கும்? உள்ளூர்ல வேலை இல்லாம யாரும் சும்மா இல்ல. வந்தாலும் ரெண்டு மாசத்துல ஓடிருவாங்க, அவ்வளவு கஷ்டம். முதல்ல வியட்நாம் அகதிங்க வந்தாங்க, அப்புறம் டெக்சாஸ்ல இருந்தும் மெக்சிகோல இருந்தும். 1986-ல ரீகன் கையெழுத்து போட்ட சட்டத்துல அனுமதி இல்லாம இருந்த சுமார் 27 லட்சம் பேருக்கு சட்டப்படி தங்கற பேப்பர் கிடைச்சுது, பேப்பர் கிடைச்சவங்க கலிஃபோர்னியா தோட்டத்துலயே கிடக்கணும்னு இல்லையே, குடும்பத்தோட வருஷம் பூரா வேலை இருக்கற இடமா பாத்து வந்தாங்க. அப்புறம் குவாதமாலா, சோமாலியா, பர்மா. ஆக ஊரு தானா மாறல, ஆள் வேணும்னு கூப்பிட்டாங்க, வந்தாங்க. 2020-ல கார்டன் சிட்டி 28 ஆயிரம், டாட்ஜ் கிட்டத்தட்ட அதே அளவு. பக்கத்து கவுண்டிகள்ல ஸ்கூலை மூடறாங்க, இங்க ஸ்கூல்ல இடம் பத்தல.

மத்தியானம் மூணு மணிக்கு ஷிப்ட் மாறற நேரமா பாத்து ஹோல்கம் பக்கம் போனோம். உள்ள விட மாட்டாங்க, ரோட்டோரம் நின்னு பாத்ததுதான். ஒரு நாளைக்கு சுமார் 6,000 மாடு. 2019 ஆகஸ்ட்ல இங்க ஒரு தீ விபத்து, நாலு மாசம் வெட்டு நின்னு போச்சு, நாடு முழுக்க மாட்டு வெலை ஆட்டம் கண்டுச்சு. அடுத்த வருஷமே கொரோனா. கான்சாஸ்ல தலைக்கு தலை பாத்தா இந்த மூணு கவுண்டிலதான் அப்ப தொத்து உச்சம், நாமெல்லாம் வீட்ல உக்காந்து ஜூம்ல இருந்தப்போ தோளோட தோள் நின்னு வெட்டினவங்க இவங்க.

பானதெரியால கோன்ச்சா வாங்கி (சிப்பி மாதிரி கோடு போட்ட இனிப்பு பன்னு, நம்மூர் பேக்கரி தேங்கா பன்னுக்கு அக்கா மாதிரி) உக்காந்திருந்தப்ப பக்கத்து டேபிள்ல ஒரு பெரியவர், வழக்கம்போல என்கிட்ட ஸ்பானிஷ்ல ஆரம்பிச்சார். இவதான் மொழிபெயர்ப்பு. மெக்சிகோல சிவாவா பக்கத்துல இருந்து 80-கள் கடைசில வந்தவராம், இருபத்தஞ்சு வருஷம் பிளான்ட்டு. கையை நீட்டி காமிச்சார், ரெண்டு விரல் மடங்க மாட்டேங்குது. கத்திய புடிச்ச வாக்குலயே நின்னுருச்சுன்னார், ஏதோ செருப்பு தேஞ்சு போச்சுங்கற மாதிரி சாதாரணமா. மூணு பசங்க, ஒருத்தி டீச்சர், ஒருத்தன் டிரக் ஓட்றான், ஒருத்தன் படிக்கறான். யாராவது பிளான்ட்டுக்கு போனாங்களான்னு கேக்க சொன்னேன். சின்னவன் ஒரு லீவுக்கு போனான், ஒரே வாரம்னு சொல்லி சிரிச்சார். "அதுக்குத்தானே நான் போனேன்"னு அவர் சொன்னதை மொழிபெயர்க்கறதுக்கு முன்னாடியே எனக்கு புரிஞ்சுருச்சு.

இவளுக்கு ஒரு கவலை, ஸ்கூல் ஸ்பானிஷ் இங்க பாதி செல்லல. லஞ்சுக்கு லோன்ச்சேங்கறாங்க, டிரக்குக்கு த்ரோக்கா. "தப்பும்மா அது"ங்கறா. ஏண்டி கண்ணு, நீ வீட்ல "அம்மா லஞ்ச பேக் பண்ணு"ன்னு சொல்றது மட்டும் எந்த இலக்கணம்? பேசல.

நைட்டு சாப்பாடு ஒரு வியட்நாம் கடை, ஃபோ சூப்பு. மெனு ஸ்பானிஷ்லயும் இருக்கு, பக்கத்து டேபிள்ல எலுமிச்சையும் ஹலபேன்யோ மொளகாயும் ஒரு கை அள்ளி போட்டு மெக்சிகோ குடும்பம் ஃபோ குடிக்குது. எல்லாம் இப்படி இனிப்பா இல்ல. 2016-ல மூணு பேர் சேர்ந்து இங்க சோமாலிகாரங்க குடியிருக்கற அபார்ட்மென்ட்டுக்கு, அதுல ஒரு மசூதியும் இருந்துச்சு, குண்டு வைக்க திட்டம் போட்டு மாட்டினாங்க, 2019-ல 25-ல இருந்து 30 வருஷம் வரைக்கும் தண்டனை. இப்பவும் ஒரு பயம் இருக்கு, நான் தெருவுல போர்டை ஃபோட்டோ எடுக்க கேமராவ தூக்கினப்ப ஒரு அம்மா குழந்தைய இழுத்துக்கிட்டு நகர்ந்துட்டாங்க. அதுக்கப்புறம் எடுக்கல. இன்னிக்கு பதிவுல படம் இல்லாததுக்கு காரணம் அதுதான்.

ரூமுக்கு வந்து ப்ராஜெக்ட். ஹிஸ்பானிக்னா என்னன்னு முதல் ஸ்லைடு போடணுமாம், அதுல ஒரு மணி நேரம் போச்சு. 1930 சென்சஸ்ல "மெக்சிகன்"னா ஒரு தனி இனம், 1940-ல எடுத்துட்டாங்க. 1980-லதான் எல்லார்கிட்டயும் ஸ்பானிஷ் வம்சாவளியான்னு தனி கேள்வி, இனம் என்னங்கறது வேற கேள்வி. அதனால ஒருத்தர் வெள்ளையாவும் இருக்கலாம் ஹிஸ்பானிக்காவும் இருக்கலாம். ஸ்பெயின்காரர் ஹிஸ்பானிக், பிரேசில்காரர் இல்ல. 2024-ல ரெண்டு கேள்வியையும் ஒண்ணாக்கணும்னு முடிவு பண்ணாங்க. நாடு முழுக்க 1980-ல ஒன்றரை கோடிக்கு கொஞ்சம் கம்மி, 2020-ல 6 கோடியே 20 லட்சம், அதுவும் கிட்டத்தட்ட 5 சதவீதம் விட்டுப்போச்சுன்னு சென்சஸ்காரங்களே பின்னாடி ஒத்துக்கிட்டாங்க. "நம்மள ஏன்மா ஏஷியன்னு சைனாகாரங்களோட ஒரே கட்டத்துல போட்டிருக்காங்க"ன்னு கேட்டா. தூங்குடின்னேன்.

நாள் 4, செவ்வாய். லிபரல், அப்புறம் வீடு

காலைல அம்மா திருப்பூர்ல இருந்து ஃபோன். எங்க இருக்கீங்கன்னு கேட்டு, வெவரம் சொன்னதும் "இங்கயும் அதானே கண்ணு, பனியன் கம்பெனி பூரா பீகார் ஒடிசா பசங்க, நம்ம வீதி மளிகைக்கடைல கூட இந்தில எழுதி ஒட்டியிருக்கான்"னாங்க. குரல்ல குறை. நான் கேட்டேன், "ஏம்மா நம்ம வீட்ல யாராச்சும் கட்டிங் டேபிளுக்கு போனாங்களா?" அப்பா போனார், நாங்க போகல, எங்களை இஞ்சினியரிங் படிக்க வெச்சாங்க. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்ல, அப்புறம் "சாப்டியா"ன்னாங்க.

லிபரல், கார்டன் சிட்டில இருந்து தெக்க ஒண்ணேகால் மணி நேரம், ஓக்லஹோமா எல்லை கூப்பிடு தூரம். 2020-ல இருபதாயிரம் பேருக்கு கொஞ்சம் கம்மி, மூணு ஊர்லயும் ஹிஸ்பானிக் பங்கு டாப்புல வர்றது இங்கயும் டாட்ஜ்லயும்தான். இங்கயும் ஒரு பெரிய பிளான்ட், நேஷனல் பீஃப். அது தவிர இந்த ஊருக்கு ஒரு வினோத பெருமை, 1950-ல இருந்து இங்கிலாந்துல ஓல்னிங்கற ஊரோட பான்கேக் ரேஸ், பொம்பளைங்க சட்டில பான்கேக்கை தூக்கி போட்டுக்கிட்டே ஓடணும், ரெண்டு ஊர்லயும் ஓடி நேரத்தை ஒப்பிடுவாங்க. போன மாசமே முடிஞ்சுருச்சு.

பேரு லிபரல், ஓட்டு பூரா ரிபப்ளிகன், அது வேற ஜோக். பேரு வந்த கதைதான் எனக்கு புடிச்சுது. முதல்ல இங்க குடியேறின ரோஜர்ஸ்னு ஒருத்தர், வழிப்போக்கர் யாரு வந்தாலும் கிணத்து தண்ணிய காசு வாங்காம குடுப்பாராம், அப்பல்லாம் இந்தப் பக்கம் தண்ணி காசு. குடிச்சவங்க எல்லாம் உங்களுக்கு ரொம்ப தாராள மனசுன்னு சொல்லி சொல்லி ஊர் பேரே தாராளம்னு ஆயிருச்சு. அந்தத் தண்ணிதான் இப்ப பிரச்சினை. மூணு நாளா தண்ணி, சோளம், மாடு, பிளான்ட், ஆளுன்னு சொல்லிட்டு வந்தேன்ல, முதல் கண்ணி இத்துக்கிட்டு வருது. தென்மேற்கு கான்சாஸ்ல சில இடத்துல ஒகலாலா நீர்மட்டம் 100 அடிக்கு மேல இறங்கிருச்சு, மழை வந்து திரும்ப ஊறறது ரொம்ப சொற்பம். போர் நின்னா சோளம் நிக்கும், அப்புறம் என்ன ஆகும்னு வரிசையா நீங்களே போட்டுக்கலாம். அப்ப இந்த கைக்குழந்தைங்க எல்லாம் எங்க போவாங்க? கிரீன்ஸ்பர்க்ல பாத்த காலி பார்க்கிங் நெனப்பு வந்துச்சு. யாரு வந்தாங்கன்னு ஊர்ல சண்டை போட்டுட்டு இருக்கோம், தண்ணி சத்தமில்லாம கீழ போயிட்டே இருக்கு.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு டியெந்தால (மளிகைக்கடை) நுழைஞ்சோம். பின்னால டோர்டியா (மெக்சிகோ சப்பாத்தி) மெஷின் ஓடுது, சூடா பொட்டலம் கட்டி தர்றாங்க. கல்லாவுல ஒரு பொண்ணு, இவ வயசுதான் இருக்கும், என்னைப் பாத்து ஸ்பானிஷ்ல விலை சொன்னா, பக்கத்துல இருந்த வெள்ளைக்கார விவசாயி தாத்தாகிட்ட சுத்தமான கான்சாஸ் இங்கிலீஷ்ல பேசினா, அவரு அவளோட காலேஜ் அட்மிஷன் என்னாச்சுன்னு விசாரிச்சுட்டு நாலு பர்ரீட்டோ வாங்கிட்டு போனார். 2004-ல இந்த மாநிலத்துல பேப்பர் இல்லாத பசங்களும் இங்க ஹைஸ்கூல் முடிச்சிருந்தா உள்ளூர் ஃபீஸ்லயே காலேஜ் படிக்கலாம்னு சட்டம் கொண்டாந்தாங்க, இந்த பொண்ணுக்கு அது தேவையா இல்லையான்னு எனக்கு தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. நான் "க்ராசியாஸ்"னேன். உச்சரிப்பு சரியில்லன்னு கார்ல ஏறினதும் திட்டு விழுந்துச்சு.

மூணரை மணி நேர டிரைவ். மீட், பக்லின் எல்லாம் தாண்டி ப்ராட் வர்றதுக்குள்ள முப்பது டோர்டியால பதினொண்ணு காலி, வெறுமனே, தொட்டுக்க எதுவும் இல்லாம. மிச்சத்துக்கு நாளைக்கு தக்காளி தொக்கு.